கேட்காத பாட்டுக்குக் கையெழுத்து இல்லை

போன மாதம் என்னைப் பேச அழைத்திருந்தீர்களே, அந்தக் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. "மேடம், எங்க கம்பெனியில புதுசா சேர்ற பசங்க பேசறதே எனக்குப் புரியல. ஏதோ ஒரு படத்து வசனம் சொல்றாங்க, எல்லாரும் சிரிக்கறாங்க. நான் முழிக்கிறேன். அதுக்குள்ள எனக்கு வயசாயிடுச்சா?"

எல்லோரும் சிரித்தீர்கள். அன்று நேரமாகிவிட்டதால் நானும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அது இரண்டு வார்த்தையில் தீருகிற கேள்வி இல்லை. இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்தப் பெண் நின்ற இடத்தில் நிற்கத்தான் போகிறீர்கள். அதனால் என் பதிலைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எனக்கு வயதானதால் சினிமா புரியாமல் போகவில்லை. எனக்கு எந்த வயதிலும் அது புரிந்ததில்லை. பூந்தமல்லியில் நாங்கள் வளர்ந்த வீட்டில் சினிமாவுக்குப் போவது என்ற பேச்சே கிடையாது. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர், சர்ச் சபையில் மூப்பர். ரேடியோவில் செய்தி முடிந்ததும் அவர் கை தானாகக் குமிழைத் திருகிவிடும். கல்லூரியில் தோழிகள் நடிகர்களுக்காகச் சண்டை போட்டுக்கொள்ளும்போது நான் நடுவில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருப்பேன். அதில் எனக்கு வெட்கமும் இருந்ததில்லை, பெருமையும் இருந்ததில்லை.

அப்படிப்பட்ட நான், தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சட்டை ஏற்றுமதிக் கம்பெனியில் பெர்சனல் ஆபீஸராக இருந்தேன். நீங்கள் இப்போது எச்.ஆர். என்கிறீர்களே, அந்த வேலைதான். தையல் தளம் முழுக்கப் பெண்கள். ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர்ப் பக்கமிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்குவார்கள். பத்தொன்பது, இருபது வயது. ஸ்டேஷன் வாசல் கேசட் கடையில் என்ன பாட்டு அலறுகிறதோ, அது அன்று முழுவதும் எங்கள் தளத்தில் ஓடும். மெஷின் சத்தத்துக்கு மேலே முணுமுணுப்பாக. எனக்கு அது மின்விசிறிச் சத்தம் மாதிரி. காதில் விழும், உள்ளே போகாது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் புரொடக்‌ஷன் மேனேஜர் வரதராஜன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். சேலத்துக்காரர். வேலையில் சூரர். எந்த மெஷின் எப்போது மக்கர் பண்ணும் என்று தூங்கும்போது கேட்டாலும் சொல்வார். கோபக்காரர், ஆனால் கெட்ட வார்த்தை பேசமாட்டார். நல்ல கனத்த உடம்பு. தளத்தின் நடைபாதையில் அவர் வந்தால் எதிரில் வருகிறவர் ஒதுங்கித்தான் நிற்கவேண்டும்.

"கோமளான்னு காலர் தைக்கிற பொண்ணு. நாளையிலேர்ந்து அது உள்ள வரக்கூடாது. சார்ஜ் மெமோ அடிங்க" என்றார்.

"என்ன பண்ணினா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு மூணு வாரமா நான் தையல் லைனுக்குள்ள நுழைஞ்சாலே ஒரு பாட்டு ஆரம்பிக்குது. அந்தப் பொண்ணுதான் எடுத்துக் குடுக்கும். அப்படியே லைன் பூரா பரவும். நான் பெரிசா எடுத்துக்கல. இன்னைக்குக் காலையில டீக்கடையில அதே பாட்டு ஓடுச்சு. அப்பதான் வரியைக் கேட்டேன்." கைக்குட்டையை மடித்தார். "ஆனை வருது, ஆனை வருது, அடுப்பை மூடுடி. இதான் மேடம் பாட்டு."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"நாங்களும் பாட்டுக் கேட்டு வளர்ந்தவங்கதான்" என்றார். "இப்ப வர்ற பாட்டு எதுக்குமே அர்த்தம் கிடையாது. இதுக்கு மட்டும் நல்லா அர்த்தம் இருக்கு. பள்ளிக்கூடத்துலேர்ந்து இந்தப் பேரைக் கேட்டுக்கிட்டு வர்றேன். ஐம்பது வயசுல, என் சொந்த லைன்லயும் கேக்கணுமா?"

அந்த மனிதரின் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபம். அவர் காயப்பட்டிருந்தார்.

கோமளாவை அழைத்தேன். ஒல்லியான பெண், கழுத்தில் டேப், முகத்தில் பயமே இல்லை.

"மேனேஜர் வரும்போது நீ பாடறியாமே?"

"பாடறேன் மேடம். இன்னா, பாட்டு பாடறதுக்கெல்லாம் மெமோ குடுப்பீங்களா?"

"அவரைக் கிண்டல் பண்ற பாட்டுன்னு சொல்றார்."

"ஐயோ, அது அவரப் பத்தி இல்ல மேடம்."

"பின்ன யாரைப் பத்தி?"

என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். என் பருத்திப் புடவை, கொண்டை, கண்ணாடி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். "சொன்னா உங்களுக்குப் புரியாது மேடம். படம் பாத்தாதான் தெரியும்" என்றாள்.

திமிராகச் சொல்லவில்லை. ஊமையிடம் பேசுகிறவர்கள் கொஞ்சம் இரக்கத்தோடு கையசைப்பார்களே, அந்த மாதிரி சொன்னாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை.

இங்கே ஒன்று கவனியுங்கள். அன்றைக்கு நெருக்கடி சாதாரணமானது இல்லை. செவ்வாய்க்கிழமை வெளிநாட்டு வியாபாரியின் ஆள் சரக்கைப் பரிசோதிக்க வருகிறார். முதலாளி போனில், "ஏதோ ஒண்ணு பண்ணி முடிங்கம்மா, லைன் நிக்கக்கூடாது" என்கிறார். மேனேஜர், அவள் இருந்தால் தளத்துக்குள் கால் வைக்கமாட்டேன் என்கிறார். கோமளாவை அனுப்பினால் நாங்களும் போய்விடுவோம் என்று கேன்டீனில் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். ஒழுங்கீனம் என்று எழுதி ஒரு பெண்ணை அனுப்பிவிட்டால் எஸ்டேட்டில் வேறு எந்த கேட்டிலும் அவளை எடுக்கமாட்டார்கள். பேச்சு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். மெமோவில் என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

வரதராஜனிடம் சொன்னேன்: "சார், நீங்க பட்டது எனக்குப் புரியுது. ஆனா நான் கேக்காத பாட்டுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். திங்கள் சாயங்காலம் வரைக்கும் டயம் குடுங்க. அதுவரைக்கும் அந்தப் பொண்ணு சாம்பிள் ரூம்ல உக்காரட்டும். உங்க கண்ணுல படமாட்டா."

"கேசட் வாங்கித் தரட்டுமா?"

"கேசட் வேண்டாம். படம்தான் பாக்கணுமாம். நீங்களும் வாங்க."

"நானா?"

"பாட்டு உங்களைப் பத்தின்னு சொல்றீங்க. நீங்க பாக்காம நான் மட்டும் பாத்து என்ன பிரயோஜனம்?"

வீட்டுக்குப் போய் ப்ளஸ் டூ படிக்கிற என் மகளிடம் கேட்டேன். அவளுக்குப் பாட்டு தெரிந்திருந்தது. எங்கே கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை. "வரியை வேணா சொல்றேன்மா. ஏன் சிரிக்கறாங்கன்னு சொல்ல முடியாது. அது பாக்கணும்" என்றாள். கோமளா சொன்ன அதே பதில். ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, இவள் ஓர் ஊரிலும் நான் ஓர் ஊரிலும் இருந்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, நானும் என் கணவரும் ஆவடிக்குப் போனோம். அவருக்கு அங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. சினிமா கொட்டகை வாசலில் வரதராஜனும் அவர் மனைவியும் எங்களுக்கு முன்பே வந்து, யாரோ துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். என் நாற்பத்துச் சொச்ச வயதில் நான் முதல்முறையாகக் கொட்டகைக்குள் போனேன். டிக்கெட் கிழிக்கிறவர் என் கணவரைப் பார்த்ததும், "வா அண்ணாத்தே, இன்னிக்கு வூட்டம்மாவ இட்டுகினு வந்துட்டியா?" என்றார். என் கணவர் கூரையைப் பார்த்தார். ஷிப்ட் முடிந்து அவர் அவ்வப்போது தாமதமாக வருவதற்கு எனக்கு அன்றுதான் விளக்கம் கிடைத்தது. அதை நான் வீட்டில் பேசிக்கொண்டேன், இங்கே வேண்டாம்.

படத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. பாதி வசனம் விசிலில் போய்விட்டது. வரதராஜனுக்கு நாற்காலி போதவில்லை. கைப்பிடியில் இடித்துக்கொண்டு ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். முன்வரிசைப் பையன்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தபோது அவர் மனைவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். இவரை ஏன் இங்கே கூட்டிவந்தோம் என்று அந்த ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அப்புறம் அந்தப் பாட்டு வந்தது. கொட்டகையே எழுந்து நின்றது.

பெண்கள் விடுதி. அறையில் ஸ்டவ் வைத்துச் சமைக்கக் கூடாது என்று சட்டம். பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு திருட்டுத்தனமாகக் கருவாட்டுக் குழம்பு வைக்கிறார்கள். ஒருத்தி மாடிப்படியில் காவல் நிற்கிறாள். வார்டன் வருவது தெரிந்ததும் அவள் பாட ஆரம்பிக்கிறாள்: ஆனை வருது, ஆனை வருது, அடுப்பை மூடுடி. உள்ளே இருப்பவர்கள் ஸ்டவ்வைக் கட்டிலுக்கடியில் தள்ளி, சட்டியைப் பெட்டிக்குள் வைத்து, ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். பாட்டு நெடுக ஆனை வருகிறது, வருகிறது என்று ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் கதவு திறக்கிறது. உள்ளே வருகிற வார்டன் துடைப்பக்குச்சி மாதிரி ஒரு அம்மாள். காற்றடித்தால் விழுந்துவிடுவாள். கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

எனக்கும் சிரிப்பு வந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். வரதராஜன் சிரிக்கவில்லை. மூச்சை விட்டார். மூன்று வாரமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு என்று தோன்றியது.

இடைவேளையில் டீ வாங்கிக்கொண்டு வெளியே நின்றோம். "அப்போ ஆனைன்னா மேலதிகாரி. உடம்பு இல்ல" என்றேன்.

"ஆமாம்" என்றார். டீயைக் குடித்து முடித்தார். பிறகு, வேலையில் சூரர் இல்லையா, அவர் மூளை அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. "ஆனை நான்னா, அந்தப் பொண்ணுங்க எந்த அடுப்பை மூடறாங்க?"

எனக்குத் தோன்றாத கேள்வி அது.

இடைவேளைக்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

திங்கள் காலை கோமளாவைக் கூப்பிட்டேன். "படம் பாத்தேன்" என்றேன்.

"நீங்களா?"

"நானும் மேனேஜரும். ஆனை யாருன்னு புரிஞ்சுது. அடுப்பு எதுன்னு மட்டும் தெரியல."

அவள் முகத்திலிருந்த தைரியமெல்லாம் வடிந்துவிட்டது. கழுத்து டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"சொன்னா இன்னா பண்ணுவீங்க?"

"தெரியாம வாக்குக் குடுக்க மாட்டேன் கோமளா. ஆனா என்ன பண்ணப்போறேன்னு பண்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லுவேன்."

"அது என் விஷயம் இல்ல மேடம். அவள கேட்டுகினு வரேன்" என்று போனாள். திரும்பி வரும்போது கூடச் செல்வி வந்தாள். செக்கிங் மேஜையில் வேலை பார்க்கிறவள். தைத்த சட்டைகளைப் பார்த்துத் தள்ளுவது அவள் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டுதான் செய்யவேண்டும். தளத்தில் எல்லோருமே சேலைக்கு மேல் ஓவர்கோட் மாட்டியிருப்பார்கள். செல்வியின் ஓவர்கோட் மற்றவர்களுடையதைவிடப் பெரியது என்பதை நான் அன்றுதான் கவனித்தேன்.

ஆறு மாதம். முந்தைய வருஷம் ஒரு பெண்ணுக்கு வயிறு தெரிந்ததும் தளத்து சூப்பர்வைசர், "குழந்தை பொறந்தப்புறம் வா" என்று அனுப்பியிருக்கிறார். அவள் வந்தபோது அவள் இடத்தில் வேறு ஆள் இருந்திருக்கிறாள். இதெல்லாம் என் மேஜைக்கு வராமலே நடந்திருக்கிறது. அதைப் பார்த்த பெண்கள், செல்விக்கு அப்படி ஆகக்கூடாது என்று தீர்மானம் பண்ணியிருக்கிறார்கள். கால் வீங்கும்போது செல்வி துணி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். அவள் பங்கைப் பக்கத்து மேஜைக்காரி சேர்த்துப் பார்ப்பாள். மேனேஜர் தலை தெரிந்தால் கோமளா பாட்டை எடுப்பாள். செல்வி எழுந்து நின்றுகொள்வாள்.

"வேலய வுட்டு அனுப்பிடாதீங்க மேடம்" என்றாள் செல்வி. 

என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னேன். மேனேஜரிடம் நேராகச் சொல்லப்போகிறேன். மறைத்தால் யாரோ ஒருவர் போட்டுக்கொடுக்கும் நாள் வரும், அன்று என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவரா, உடமாட்டாரு மேடம்" என்றாள் கோமளா. "படத்துக்குக் கூப்பிட்டப்ப வந்தாரே" என்றேன்.  செல்விதான் தலையாட்டினாள்.

வரதராஜன் நின்றபடியே கேட்டார். நான் சட்டத்தைச் சொன்னேன். செல்விக்கு இ.எஸ்.ஐ. காப்பீட்டுப் பணம் ஒழுங்காகப் பிடித்திருந்தது. பிரசவ விடுப்புச் சம்பளத்தை அவர்களே கொடுத்துவிடுவார்கள். நாம் செய்யவேண்டியது அவள் இடத்தை வைத்திருப்பது மட்டும்தான் என்றேன். அவர் அதையெல்லாம் கேட்டமாதிரித் தெரியவில்லை.

"நான் வர்றப்பல்லாம் அந்தப் பொண்ணு எழுந்து நின்னுச்சா?" என்றார்.

"ஆமாம் சார்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறேன் நான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உடம்பைப் பாத்து ஆனைன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லை மேடம்."

முதலாளிக்கு அவரே போன் செய்தார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கேன்டீனிலிருந்து இரண்டு ஸ்டூல்களை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு தளத்துக்குள் நடந்தார். அவர் தலையைக் கண்டதும் பழக்கதோஷத்தில் யாரோ பாட்டை எடுத்தார்கள். ஸ்டூலைப் பார்த்ததும் அது பாதி வரியில் நின்றது. மெஷின்களும் நின்றன. அவர் நேராகச் செக்கிங் மேஜைக்குப் போய் ஸ்டூல்களை வைத்தார். "உக்காந்து பாருங்க. இன்னும் ரெண்டு வரும்" என்று சொல்லிவிட்டு வந்தவழியே போய்விட்டார். மெமோ கொடுக்கப்படவேயில்லை. பரிசோதனைக்கு வந்தவர் ஸ்டூல்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுச் சரக்கைப் பாஸ் பண்ணினார். செல்வி பிரசவத்துக்குப் போய்த் திரும்பி வந்தாள். அவள் இடம் இருந்தது.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களின் பாட்டும் சிரிப்பும் உங்களுக்குப் புரியாமல் போகும். அதற்காகப் பதறவேண்டாம். எல்லாப் படத்தையும் பார்த்து, எல்லா வசனத்தையும் மனப்பாடம் செய்து அவர்களோடு ஓடவும் வேண்டாம். வருகைப் பதிவு பார்க்கும் எங்கள் டைம் ஆபீஸில் ஒருவர் அப்படி முயற்சி செய்தார். பெண்களிடம் புதுப்பட வசனமாகவே பேசுவார். அவர் முதுகுக்குப் பின்னால் அவர்கள் நடித்துக் காட்டுவதைப் பார்த்திருந்தால் மனிதர் வேலையை விட்டிருப்பார். பயப்படவேண்டியது வேறு ஒன்றுக்கு. புரியாத ஒன்று உங்கள் மேஜைக்கு வரும். நேரம் இல்லை என்பார்கள். சுற்றியிருக்கும் உங்கள் வயதுக்காரர்கள் அதற்கு ஓர் அர்த்தம் தயாராக வைத்திருப்பார்கள். அது உங்களுக்கும் நியாயமாகவே தோன்றும். அந்த நேரத்தில், "எனக்குத் தெரியாது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு நாக்கு வரவேண்டும். பதவி உயர உயர அந்த நாக்கு கனக்கும். இப்போதே பழக்கிக்கொள்ளுங்கள்.

நான் அதற்குப் பிறகு கொட்டகைக்குப் போனது சொற்பம். எனக்கு அதில் பெரிய ருசி வரவில்லை. ஆனால் ஏதாவது புதுப்பாட்டு தளத்தில் ஓடினால் கோமளாவிடம் கேட்பேன். அவளும் சலிக்காமல் கதையைச் சொல்வாள்.

அந்தச் சரக்கு கப்பலேறிய வாரம் என்று நினைக்கிறேன். சம்பள விஷயமாக ஏதோ கேட்க வந்தவள், கேட்டு முடித்தபின்னும் போகாமல் நின்றாள்.

"மேடம், நீங்க சினிமா பாட்டே கேக்கமாட்டீங்கன்னாங்க. அப்ப இன்னாதான் பாடுவீங்க?"

"சர்ச்சுல கீர்த்தனை பாடுவேன்."

"ஒண்ணு பாடுங்களேன்."

அலுவலக நேரம். கதவு திறந்திருந்தது. டைப்பிஸ்ட் நிமிர்ந்து பார்த்தாள். என்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. என் மகள்கூடக் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, எனக்குப் பிடித்த ஒரு கீர்த்தனையின் பல்லவியையும் முதல் சரணத்தையும் மெதுவாகப் பாடினேன். கோமளா தலையைச் சாய்த்துக்கொண்டு முழுசாகக் கேட்டாள். ஒரு காலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பாளே, அந்த முகத்தோடு.

"நல்லாத்தான் கீது மேடம்" என்றாள் கடைசியில். "இதுக்கு ஆட முடியாது. ஆனா தைக்கலாம்."